கல்லத்தி விலக்கின் ஆறாவது படி

நாலுவழிச் சாலைக்காக எங்கள் கல்லத்தி விலக்கில் பதினேழு வீடுகளை இடித்தார்கள், பதினாறு வீடுகள் சொன்ன பேச்சைக் கேட்டு இடிந்தன, பதினேழாவதான தேவசகாயம் சார் வீடும் சுவர், கூரை, ஜன்னல், கக்கூஸ் உட்பட மரியாதையாகத்தான் கீழே விழுந்தது, ஆனால் அதன் மாடிப்படியில் அடியிலிருந்த ஐந்து படிகள் மட்டும் விழமாட்டேன் என்று நின்றுவிட்டன. ஜேசிபி மூன்று நாள் முட்டிப் பார்த்து இரண்டு பல்லை உடைத்துக்கொண்டது. நாலாம் நாள் டிரைவர் இறங்கி வந்து முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். சாலை போட வந்தவர்களும் சண்டைக்கு நிற்காமல் வரைபடத்தில் ஒரு சின்ன வளைவைப் போட்டுக்கொண்டார்கள், இன்றைக்கும் எங்கள் ஊரைத் தாண்டும் பேருந்துகள் அந்த இடத்தில் லேசாக இடுப்பை ஒடித்துத்தான் போகும்.

அந்தப் படியில் முதலில் ஏறியவர் டீக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி. துவைத்த வேட்டியைக் காயப்போட உயரமான இடம் தேடி ஏறினார், மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. வலி இல்லை, பிடிப்பு இல்லை, இறங்கினால் சுகமாக இறங்கியது, மேலே போ என்றால் மட்டும் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. எதிர்க்கடையில் லாரி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பதறவில்லை. பஞ்சர் ஒட்டுகிறவன் காற்று போகும் இடத்தைத் தேடுவானே தவிர ஏன் போகிறது என்று கேட்கமாட்டான்.

சாயங்காலத்துக்குள் ஊரே ஏறிப் பார்த்துவிட்டது. சிலருக்கு ஒன்றில் நின்றது, சிலருக்கு இரண்டில், நிறையப் பேருக்கு மூன்றில், வார்டு மெம்பர் சண்முகக்கனிக்கு நாலில். நான் எந்தப் படி என்று கேட்கிறீர்களா? நான் அன்றைக்கு ஏறவில்லை, கடையில் வேலை இருந்தது.

ஒரு வாரம் கழித்து தேவசகாயம் சார் தன் வீட்டின் கதவு எண் தகடு கிடைக்குமா என்று தேடி வந்தார். டவுன் காலேஜில் முப்பது வருஷம் மனசைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தகட்டை மறந்துவிட்டு, காலை பத்து மணியிலிருந்து எங்கள் ஆட்களை வரிசையாக ஏறச் சொல்லி, நின்ற படியையும் அவர்கள் வீட்டு நிலவரத்தையும் நோட்டில் எழுதி, நாலு மணிக்குக் கையைத் தட்டிக்கொண்டு குதித்தார்.

"அடடா, இது நான் வருஷா வருஷம் கரும்பலகையில போட்ட படம்லா! மனுஷனுக்கு என்ன தேவையோ அதுதான் அவனை ஆட்டி வைக்குது. வயிறு காஞ்சவன் முதல் படியைத் தாண்டமாட்டான். வயிறு நிறைஞ்சா அப்புறம் பயம் போகணும். பயம் போனா பாசத்துக்கு ஒரு ஆள் வேணும். அது கிடைச்சா நாலு பேர் மதிக்கணும். ஒண்ணு தீர்ந்தாத்தான் அடுத்தது."

உடனே பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கி வரச் சொல்லி, அவர் கையாலேயே முதல் படியில் பசி என்றும், இரண்டில் பயம் என்றும், மூன்றில் பாசம் என்றும், நாலில் மதிப்பு என்றும் நீலத்தில் எழுதினார். ஐந்தாவதில் எழுத பிரஷ்ஷைத் தோய்க்கும்போது அவருடைய பேருந்து ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு டவுனுக்கு நேர் பேருந்து கிடையாது, சார் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினார். ஐந்தாவது படி எழுத்தில்லாமல் வெறுமையாகக் கிடந்தது, அதில் யாருக்கும் கால் ஏறவில்லை என்பதால் யாரும் கவலைப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த குஷி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல! கோயில் கொடை விழா பத்து நாளில் முடிந்துவிடும், இது முடியவே இல்லை. அரிசி ஆலை முதலாளி ஐயம்பெருமாள் முதல் படியிலேயே நின்றார், ஊர் வாயைப் பிளந்தது, அப்புறம்தான் சர்க்கரை வியாதிக்காக மருமகள் அவருக்குச் சோற்றை ஸ்பூனில் அளந்து வைப்பது வெளியே வந்தது. மெம்பர் சண்முகக்கனியின் கால் ஐந்துக்கு ஏறட்டும் என்று தினமும் காலையில் முப்பது பேர் நின்று கைதட்டினோம், கால் நடுங்கியதே தவிர எழும்பவில்லை. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் பையனைப் படியில் ஏற்றினார்கள். ஒரே தெருவிலிருந்து மூன்று பெண்கள் இரண்டாவது படியில், பயம் என்று நீலத்தில் எழுதிய இடத்தில் நின்றார்கள், ஊர் அவர்களுடைய புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் மகளிர் குழுப் பெண்கள் இருபது பேர் அந்த மூன்று வாசல்களிலும் விளக்குமாற்றோடு போய் உட்கார்ந்தார்கள், பத்தே நாளில் அதில் இரண்டு பெண்களுக்குக் கால் மூன்றாவது படிக்கு ஏறியது. அன்றைக்கு நாங்கள் வெடி போட்டோம். தங்கப்பழம் அண்ணாச்சியின் இரண்டு பையன்களும் துபாயில் இருக்கிறார்கள் என்பதால், அவர் கடையில் டீ குடித்தவர்கள் குடித்ததும் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு எது இல்லை என்று தெரிந்துவிட்டால் கொடுப்பது இவ்வளவு சுலபமா என்று ஊரே ஆச்சரியப்பட்டது, படியைப் பார்த்து ஆச்சரியப்படாதவர்கள் இதைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார்கள்.

ஐந்தாவது படிக்கு யார் ஏறுவார் என்பதுதான் பேச்சு. கோயில் பூசாரியா, பெரிய டாக்டரா, ஆலை முதலாளியின் சாமியாரா? எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் நாலுக்குள் நின்றார்கள்.

அப்போதுதான் முப்புடாதி ஏறினாள்.

முப்புடாதி பலவேசம் மேஸ்திரியிடம் பதினைந்து வருஷமாகச் சித்தாள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் வரவில்லை, எட்டாவது படிக்கும் செண்பகம் என்ற மகள் மட்டும் உண்டு, மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாடு மகளுக்கு, ராத்திரிச் சோறு இரண்டு பேருக்கும். சித்தாள் என்றால் தெரியுமல்லவா, மணல் சலிப்பாள், கல்லை நனைப்பாள், கலவை குழைத்துச் சாந்துச் சட்டியில் தலைக்கு ஏற்றுவாள், சாந்து பூசுகிற கரண்டியை மட்டும் தொடமாட்டாள். கரண்டி கொத்தனாருக்கு, அதாவது ஆம்பிளைக்கு. நேற்று வேலைக்கு வந்த பையன் நாளைக்குக் கரண்டி பிடிப்பான், பதினைந்து வருஷம் சுமந்தவள் கடைசிவரை சுமப்பாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது, பொம்பளை கட்டினால் சுவர் நிற்காது என்று பலவேசம் மேஸ்திரி அடித்துச் சொல்வார், கட்ட விட்டுப் பார்த்ததில்லை என்பதால் அது பொய்த்ததும் இல்லை. வேலைத்தலத்தில் அவர் குரல் ஒன்றுதான் கேட்கும்: "கலவை காயுதுட்டி, வெரசா வா!" அவளும் ஓடுவாள்.

மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரத்தில், அவள் சாந்தில்லாமல் வெறும் செங்கல்லாலேயே இரண்டு வரி கட்டி, ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்து, அவர்கள் புரண்டு படுப்பதற்குள் கலைத்துவிடுவாளாம். பதினைந்து வருஷமாக. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் புது பஸ் நிழற்குடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டியை இறக்கிவிட்டு முகம் துடைத்தவளைப் பார்த்து யாரோ, "நீயும் ஏறித்தான் பாரேன்" என்றார்கள். எங்கே நிற்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பசி என்று எழுதிய இடத்தில் நின்றதும் கொடுக்கவேண்டுமென்று தங்கப்பழம் அண்ணாச்சி கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு பன்னைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் பசியைத் தாண்டினாள். பயத்தைத் தாண்டினாள். பாசத்தையும் மதிப்பையும் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி சாரத்தில் ஏறுகிற வேகத்தில் தாண்டி, எழுத்தில்லாத ஐந்தாவது படியில் போய் நின்றாள். நின்றதோடு முடியவில்லை, அவளுடைய வலது கால் தானாக மேலே எழும்பி, காற்றில் எதையோ துழாவி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கீழே வந்தது.

கூட்டம் மொத்தமும் கழுத்தை நிமிர்த்தி அவள் காலைப் பார்த்தது. அப்புறம் ஒரு பெண் குலவை போட்டாள், நூறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். "தூக்கிய திருவடி! தூக்கிய திருவடி!" என்று பூசாரி தரையில் விழுந்தார். பசி இல்லை, பயம் இல்லை, பாசமும் வேண்டாம், மதிப்பும் வேண்டாம், எல்லாவற்றையும் தாண்டி உச்சியில் நிற்கிறாள் என்றால் அவளுக்கு ஒன்றுமே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? தங்கப்பழம் அண்ணாச்சி கையிலிருந்த பன்னைத் திரும்ப ஜாடிக்குள் போட்டு மூடினார்.

இந்தத் தப்பை எங்கள் ஊரால் மட்டும்தான் செய்ய முடியும். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது பலவேசம் மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, உன்னையச் சுமக்க விட்டா எனக்குப் பாவம் சுத்தும். நீ வீட்டுல இரு."

"வீட்டுல இருந்து என்ன செய்ய மேஸ்திரிண்ணே?"

"உனக்கு என்ன தாயி வேணும்? நீதான் எல்லாத்தையும் தாண்டிட்டியே!"

வேறு எந்த மேஸ்திரியும் அவளைக் கூப்பிடவில்லை. நடவுக்குக் கூப்பிடவில்லை, களையெடுக்கக் கூப்பிடவில்லை, சாமியை யார் சேற்றில் இறக்குவார்கள்? ஆனால் வாசலில் கூட்டம் குறையவில்லை. சூடம் வந்தது, சாம்பிராணி வந்தது, மாலை வந்தது, எலுமிச்சம்பழம் கூடை கூடையாக வந்தது, அரிசி மட்டும் வரவில்லை, ஒன்றும் வேண்டாதவளுக்கு அரிசி கொடுத்து அவமானப்படுத்த யாருக்கும் மனசு வரவில்லை. செண்பகம் அத்தனை எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி உப்பில் போட்டாள். வீட்டில் எட்டு ஜாடி ஊறுகாய் இருந்தது, தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தும் சோறு இல்லாமல் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பாதியைத் தூக்குச்சட்டியில் அம்மாவுக்குக் கொண்டுவந்தது. எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நானும் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தவன்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவளைப் படியில் ஏற்றிக் கும்பிட்டோம், அது மூன்றாவது வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், காலை வெயிலில் படிக்கட்டைச் சுற்றி நிற்க இடமில்லை, மெம்பர் மைக் கட்டியிருந்தார். முப்புடாதி வந்தாள், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஆட்டுக்குப் போட்டாள், ஒரே மூச்சில் ஐந்தாவது படிக்கு ஏறினாள். வலது கால் எழும்பியது. காற்றில் நின்றது. நூறு பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

"எந்திரிங்க!" என்று கத்தினாள். மைக் தேவைப்படவில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

கூட்டம் பாதி எழுந்தும் பாதி எழாமலும் பார்த்தது.

"எனக்குப் பசிக்குது. மூணு வாரமா பசிக்குது. எம்பிள்ளைக்கும் பசிக்குது."

தங்கப்பழம் அண்ணாச்சி திகைத்துப் போனார். "ஏ தாயி, பசிச்சா மொதப் படியிலேல்லா நிக்கணும்? சார் அப்படித்தான சொன்னாரு?"

"சார் சொன்னது சார் வயித்துக்கு. என் வயித்துல பசியும் கெடக்கு, அதுக்கு மேல இன்னொண்ணும் கெடக்கு. ஒண்ணு தீந்தாத்தான் அடுத்ததுன்னு இருந்தா நான் எந்தக் காலத்துல நெனைக்க? பதினஞ்சு வருசம் பசியோடதான் நெனைச்சேன்!"

"என்னத்தட்டி நெனைச்ச?" என்றார் பலவேசம் மேஸ்திரி. இந்த முறை அவர் வாயில் 'தாயி' வரவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்வேன். "கரண்டி மேஸ்திரிண்ணே. உங்க கையில இருக்குல்லா, அது. நான் ஒரு சொவரு கட்டணும். ஒரே ஒரு சொவராவது. இந்தக் காலு சாமிக் காலு இல்ல. மேல ஒரு படி இருக்கான்னு தேடுது. இல்ல, அதான் நிக்குது."

சொல்லிவிட்டுக் காலை இறக்கப் பார்த்தாள். கால் இறங்கவில்லை. மற்ற நாளில் இறங்கிய கால், அவள் வாயைத் திறந்து கேட்டபிறகு, கொடுத்தால்தான் இறங்குவேன் என்று காற்றிலேயே நின்றுவிட்டது. அவள் ஒற்றைக் காலில் வெயிலில் நின்றாள். செண்பகம் கீழே நின்று, "யம்மா, யம்மா" என்று அழுதாள்.

ஊருக்கு உடனே புரிந்துவிட்டது, காலுக்கடியில் ஒரு படி கட்டினால் தீர்ந்தது. பலவேசம் மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டின் பின்பக்கம் சாரத்தில் நின்று கல்லை வைத்தார். கல் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்த கல் அவர் கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. நாற்பது வருஷம் சுவர் எழுப்பிய மனுஷர், அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. முன்பக்கமாக ஏறி வைப்போம் என்று முதல் தடவையாக அந்தப் படியில் கால் வைத்தார். மதிப்பு என்று எழுதிய இடத்தில் கால் நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒரே ஒரு படி, அதில் அவள். எட்டினால் அவள் கை, வேறொன்றும் எட்டாது.

அவர் அங்கேயே நின்றார். பிறகு அவர் இடுப்பிலிருந்த கரண்டியை உருவி, வேட்டி நுனியில் துடைத்து, பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"நேரா நிக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

கரண்டி கையில் பட்டதும் அவள் கால் சத்தமில்லாமல் கீழே வந்து ஐந்தாவது படியில் ஊன்றியது. வேலை செய்ய இரண்டு காலும் வேண்டுமே.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்குகிறது. மேலே கல் வேண்டும், கலவை வேண்டும், மேஸ்திரிக்கு நாலுக்கு மேல் கால் ஏறாது, நாலிலிருந்து அவர் இறங்கினால் அவளிடம் யார் நீட்டுவது? யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அரிசி ஆலை முதலாளி ஐயம்பெருமாள் பட்டு வேட்டியோடு வந்து முதல் படியில் நின்றார். தங்கப்பழம் அண்ணாச்சி மூன்றாவது படிக்கு ஏறினார், நாலாவதில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் மெம்பர் சண்முகக்கனி, கைதட்ட ஆளில்லாமலேயே. இரண்டாவது படியில் அந்த மூன்று பெண்களில் இன்னும் மூன்றாவது படிக்கு ஏறாமலிருந்த ஒருத்தி தனியாக நின்றாள், பெயர் ராமுத்தாய், ஒரு கல்லை வாங்கித் திருப்புவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டாள், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் பஞ்சர் கடையிலிருந்து எழுந்தேன். பஞ்சர்ப் பசை ஒட்டிய கையை டவுசரில் துடைத்துக்கொண்டு ஊர் பார்க்க ஏறினேன். இரண்டாவது படியில் கால் நின்றது. ஒரு ராத்திரி ஆளில்லாத நேரம் ஏறிப் பார்த்துவிட்டு இதைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன், ஐம்பது வயசு ஆண்பிள்ளை எதற்குப் பயப்படுகிறான் என்று ஊர் கேட்குமே என்று. யாரும் கேட்கவில்லை. "அண்ணாச்சி, கல்லைப் பிடிங்க" என்றாள் ராமுத்தாய் என்னிடம்.

கீழே நின்ற கூட்டம் கல்லை நனைத்தது, மணலைச் சலித்தது, கலவையைக் குழைத்தது, பசிக்காரர் கையிலிருந்து பயந்தவர்கள் கைக்கும், அங்கிருந்து பாசத்துக்கு ஏங்கியவர் கைக்கும், அங்கிருந்து மதிப்புக்கு நின்றவர்கள் கைக்கும் செங்கல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது, நாலாவது படியில் பலவேசம் மேஸ்திரி சாந்துச் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி நீட்ட, முப்புடாதி கரண்டியால் அள்ளி, விரித்து, கல்லை வைத்து, பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, வழிந்ததை வழித்து, ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்தாள். பாதிக் கல் ஐந்தாவது படியில் உட்கார்ந்தது, பாதிக் கல் அந்தரத்தில் நின்றது, அடியில் முட்டு இல்லை, விழவும் இல்லை. பெண்கள் போட்ட குலவையில் நாலுவழிச் சாலையில் போன லாரிகள் நின்றுவிட்டன. ரசமட்டத்தை மேஸ்திரிதான் கேட்டு வாங்கி மேலே கொடுத்தார். அவள் படிமேல் வைத்துக் காட்டினாள். குமிழி நட்டநடுவில் நின்றது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் இறங்கி வந்ததும் தங்கப்பழம் அண்ணாச்சி பன் எடுக்கவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்த் தனக்கு வடித்த சோற்றைப் பானையோடு தூக்கிவந்தார். செண்பகம் ஓடிப்போய் ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்தாள். அம்மாவும் மகளும் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மற்றவர்களும் அவரவர் வீட்டுச் சோற்றோடு வந்து சேர்ந்துகொண்டார்கள், எட்டு ஜாடியும் ஊருக்கே சரியாக இருந்தது.

புதுக் கட்டடம் என்றால் ஏழு நாள் தண்ணீர் ஊற்றவேண்டும். முறை வைத்து ஊற்றினோம், ஒரு நாள் வெயில் அதிகம் என்று மெம்பர் குடை பிடித்தார். எட்டாம் நாள் காலை ஊர் மொத்தமும் கூடிவிட்டது, டவுன் பேருந்திலிருந்து தேவசகாயம் சார் நீலப் பெயிண்ட் டப்பாவோடு இறங்கினார், விட்டுப்போனதை எழுதி முடிக்கலாம் என்று. இறங்கியவர் படிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அஞ்சுதான? புத்தகத்துல அஞ்சுதான்!"

"புத்தகத்தைத் திருத்திக்கோங்க சார்" என்றேன். இரண்டாவது படிக்காரனுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"சரி, அஞ்சாவதுல என்னய்யா எழுத நெனைச்சீரு?" என்று பலவேசம் மேஸ்திரி கேட்டார்.

"தனக்குள்ள என்ன இருக்கோ, அதுவா ஒரு மனுஷன் ஆகியே தீரணும்கிற தவிப்பு. அதுதான் அஞ்சாவது. ஆனா அதுக்கு மேல…" சார் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார்.

முப்புடாதி ஏறிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வலது கால் எழும்பி, அவள் கட்டிய படியைத் தொட்டுப் பார்த்து, முழுப் பாதமும் பதிய உட்கார்ந்தது. இடது காலும் வந்து சேர்ந்தது. கல் அசையவில்லை. நாங்கள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயின. அவள் அங்கே நின்று எங்களைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், கட்டி முடிக்காத நிழற்குடையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். அப்போது எல்லோரும் பார்க்க, அவளுடைய வலது கால் மெதுவாக மறுபடியும் மேலே எழும்பியது.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், இடுப்பிலிருந்து கரண்டியை உருவினாள், நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"மேஸ்திரிண்ணே, கலவை காயுது! வெரசா வாங்க!"

பலவேசம் மேஸ்திரி சாந்துச் சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு ஓடினார்.